வண்டி வராத பாதையில் ஐந்து நாள்

மகள் போனில் சொன்னது இவ்வளவுதான். "மா, செப்டம்பர்ல ஒரு பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டு வந்துட்டுப் போ. டிக்கெட் நான் பாத்துக்கிறேன்." எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷமான பெண், ஆஸ்திரியாவிலிருந்து அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்றால் வேறு எதற்குக் கூப்பிடுவாள்? இதைப் போய் வாய்விட்டுக் கேட்பார்களா?

எங்கள் தெருவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் நான் விசாவுக்கு போட்டோ எடுக்கப் போன அன்றைக்கே எதிர் வீட்டுக்காரம்மா வந்து, "பொண்ணு முழுகாம இருக்குதாமே, சொல்லவேயில்ல?" என்றார். "இன்னும் ஒண்ணும் தெரியலைமா" என்றேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, மசக்கைக்கு நல்லது என்று தன் கையாலேயே கிளறிய இஞ்சி லேகியத்தை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். நான் என் பங்குக்கு மணத்தக்காளி வற்றலும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டேன். என் கணவரால் வர முடியாது. தறியில் ஒரு கல்யாணச் சேலை ஏறியிருந்தது, முகூர்த்தத்துக்குள் நெய்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். "நீ போய்ப் பாத்துட்டு வா. அவளை அதிகமா நடக்க விடாத" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அங்கே போய் இறங்கியதும், விமான நிலையத்தில் மகள் என் இருபத்து மூன்று கிலோ பெட்டியை ஒரே தூக்காகத் தூக்கிக் காரில் வைத்தாள். நான் பதறிப்போய்க் கைப்பிடியைப் பிடுங்கப் பார்த்தேன். வீடு இன்ஸ்ப்ருக்கில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கேயும் அவளே தூக்கினாள். மாப்பிள்ளை சாம்பார் வைத்து வைத்திருந்தார். மகள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அதன்மேல் பால் விடாத காபி ஒரு பெரிய குவளை குடித்தாள். மசக்கைக்காரி யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மேப்பை விரித்தாள். "நாளன்னைக்கு நாம சைக்கிள் டூர் போறோம்மா. அஞ்சு நாள்."

"யாரு?"

"நீயும் நானும். அவருக்கு ஆபீஸ் இருக்குது."

"உனக்கு இந்த நேரத்துல இன்னாடி சைக்கிளு?"

"எந்த நேரத்துல?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். "மழை நேரத்துல" என்றேன்.

"மழை இல்லமா. பாத்துட்டுதான் புக் பண்ணேன்."

எனக்கு சைக்கிள் புதிதல்ல. செவிலிமேட்டிலிருந்து ஏனாத்தூருக்கு, அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக சைக்கிளில்தான் போய் வருகிறேன். ஸ்கூட்டி ஒன்று வாங்கியும் மனம் அதில் ஒட்டவில்லை. ஆனால் அது வேலைக்குப் போகிற சைக்கிள். மலையைப் பார்ப்பதற்கென்று ஐம்பத்து மூன்று வயதில் சைக்கிள் மிதிப்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. மகள் அதற்குத் தோதாக எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். இத்தாலியின் எல்லைக்குள் ஒரு ஊர் வரை ரயில். அங்கிருந்து ட்ராவ் என்ற ஆற்றை ஒட்டியே, கார் பஸ் எதுவும் நுழைய முடியாத சைக்கிள் பாதையில் இறக்கமாக ஆஸ்திரியாவுக்குள் திரும்பி வர வேண்டும். பெட்டிகளை ஒரு வேன் அடுத்தடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். லேகிய டப்பாவை மட்டும் நான் வேனில் போட மனமில்லாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். மலைக் காற்றில், தனியாக இருக்கும்போது, அவளே வாயைத் திறந்து சொல்லுவாள், அப்போது கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ரயிலை விட்டு இறங்கியதிலிருந்தே குழப்பம்தான். ஸ்டேஷன் பலகையில் இன்னிஹென் என்று ஒரு பெயர், சான் காந்திதோ என்று இன்னொரு பெயர். நாம் இறங்க வேண்டியது எது என்று கேட்டேன். இரண்டும் ஒரே ஊர்தான், ஒன்று ஜெர்மன் பெயர், ஒன்று இத்தாலியப் பெயர் என்றாள். எங்கள் ஊரில் சின்ன காஞ்சிபுரம், பெரிய காஞ்சிபுரம் என்று இரண்டு உண்டு, ஆனால் அவை நிஜமாகவே இரண்டு. இங்கே ஒரே தெருவுக்கு இரண்டு பெயர், ஒரே தேவாலயத்துக்கு இரண்டு பெயர். வெகுநேரம் வரைக்கும் நான் இரண்டு ஊர்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வாடகைக்கு எடுத்த சைக்கிளில் கைப்பிடியை முறுக்கினால் ஏழு கியர். அதையாவது பழகிவிட்டேன். அதன் பெடலை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. நம் சைக்கிளில் இறக்கத்தில் போகும்போது கால் சும்மா இருக்காமல் பெடலைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே போவோம் அல்லவா, இந்தச் சைக்கிளில் பின்னுக்கு மிதித்தால் பிரேக். முதல் இறக்கத்திலேயே வழக்கம்போல் பின்னுக்குச் சுற்றினேன், வண்டி கிறீச்சென்று நின்றது, நான் நிற்கவில்லை. புல்லில் போய் விழுந்தேன். துப்பட்டா ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டது.

"மா! அடி பட்டுச்சா?"

"இல்ல. இது இன்னா வண்டி, எவனோ தப்பா மாட்டிட்டான்டி."

"தப்பா மாட்டலமா. இங்க இப்படித்தான் இருக்குது." மகள் துப்பட்டாவை உருவி மடித்துத் தன் பையில் வைத்தாள். "இனி இது வேணாம்."

துப்பட்டா இல்லாமல், எண்ணெய் வைத்த பின்னலுக்கு மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அந்த ஊர் வழக்கப்படி பாதையின் வலது பக்கமாக நான் ஓட்ட ஆரம்பித்தேன். காரும் லாரியும் தூரத்தில் வேறு சாலையில் போய்க்கொண்டிருந்தன, சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்கள் பாதையில் சைக்கிள்கள்தான். சின்னக் குழந்தைகள், கணவன் மனைவிகள், என்னைவிட இருபது வயது மூத்த கிழவர்கள். இரண்டு பக்கமும் சீவிவிட்டது போன்ற புல்வெளி. அதற்கு மேல் காடு. காட்டுக்கு மேல் வெறும் பாறை மலை, அதன் தலையில் வெள்ளை.

அந்த அழகில் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. காஞ்சிபுரத்தில் நான் கண்ணால் மட்டும் சைக்கிள் ஓட்டுவதில்லை. பின்னால் வருவது டவுன் பஸ்ஸா ஷேர் ஆட்டோவா என்று காது சொல்லும். மூங்கில் மண்டபம் முனையில் திரும்பும்போது மாடு எந்தப் பக்கம் நகரும் என்று கால் முடிவு செய்யும். இங்கே காதுக்கு வேலை இல்லை. எதிரே ஒன்றும் வராத பாதையில் எதைப் பார்த்து ஓட்டுவது என்று தெரியாமல், நேர்ப் பாதையிலேயே நான் இடதும் வலதுமாக அலைந்தேன். கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அது பாட்டுக்கு பெல்லை அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் போன ஒரு தம்பதி மூன்று முறை ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் முந்தவே இல்லை.

"மா, சும்மா சும்மா பெல் அடிக்காத. அவங்களுக்கு ஒண்ணும் புரியல."

"பெல்லு அடிக்காம எப்படிடி வண்டி ஓட்டுறது?"

"ஓட்டு. அவ்ளோதான்."

ஆறு பக்கத்திலேயே வந்தது. முதலில் ஒரு வாய்க்கால் அளவு, கொஞ்ச நேரத்தில் கால்வாய் அளவு. ஆறு என்றதும் நான் பாலாறு மாதிரி அரை கிலோமீட்டர் அகலத்தை மனதில் வைத்திருந்தேன். இது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் இதில் கரைக்குக் கரை தண்ணீர் ஓடியது.

பாஸ்போர்ட்டை இடுப்பில் ஒரு பையில் கட்டியிருந்தேன். எல்லை வரும், செக்போஸ்ட் இருக்கும், போலீஸ்காரர் கேட்பார் என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மதியம் ஒரு கடையில் சூப் குடிக்கும்போது, "ஆஸ்திரியா எப்போ வரும்?" என்றேன்.

"வந்து ஒரு மணி நேரம் ஆச்சு."

"எங்க?"

"அந்த ரயில்வே லைனைத் தாண்டினோமே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஒரு தேசம் முடிந்து இன்னொரு தேசம் தொடங்கியிருக்கிறது, நான் அப்போது ஒரு மாட்டின் கழுத்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவரும் எதையும் கேட்கவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டது போல எனக்கு இருந்தது. திரும்பிப் போய் எல்லையைப் பார்த்துவிட்டு வரலாமா என்றுகூடக் கேட்டேன். மகள் சிரித்தாள். அன்று முழுக்க அவள் நன்றாகவே சிரித்தாள். ஏறும் இடங்களில் எழுந்து நின்று மிதித்தாள். ஒவ்வொரு முறையும், "உக்காந்து மிதிடி" என்று முனகினேன்.

மூன்றாம் நாள்தான் நான் தொலைந்துபோனேன்.

லியென்ஸ் என்ற ஊரைத் தாண்டிய பிறகு பள்ளத்தாக்கு அகலமாகிவிட்டது. மகள் குளிருக்குச் சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். மரம் அறுக்கும் பட்டறை ஒன்றின் பக்கத்தில் நான் தண்ணீர் குடிக்க நின்றேன். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டம் சைக்கிளில் எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்தது. மறுபடி ஏறி மிதித்தபோது சிவப்பு ஜாக்கெட் தூரத்தில், மேலே கூரை போட்ட ஒரு மரப்பாலத்துக்குள் நுழைவது தெரிந்தது. நானும் நுழைந்தேன். பாலத்தைத் தாண்டியதும் பாதை குறுகலானது, கூட்டம் காணாமல் போனது. சிவப்பு ஜாக்கெட் மட்டும் வேகமாகப் போய்க்கொண்டே இருந்தது. "இன்னாடி, இப்படிப் பறந்துக்கினு இருக்குற, நில்லுடி!" என்று கத்தினேன். பெல்லை விடாமல் அடித்தேன். அரை மணி நேரம் அப்படித் துரத்தியிருப்பேன்.

கடைசியில் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் அந்த ஜாக்கெட் நின்று திரும்பியது. எழுபது வயதுக்குக் குறையாத ஒரு வெள்ளைக்கார அம்மா. பேட்டரி சைக்கிள். அதனால்தான் அந்த வேகம்.

அவர் ஜெர்மனில் ஏதோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன், ஆங்கிலம் அந்த நேரத்தில் வரவே இல்லை. பிறகு, "டாட்டர். ரெட் கோட்" என்றேன். அவர் தன் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார், பின்னால் ஆளில்லாத பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. என் போனில் அந்த ஊர் சிம் கிடையாது. நம்பரை எடுத்துக் காட்டினேன். தன் போனில் போட்டுக் கொடுத்தார்.

"மா! எங்க இருக்க?" மகளின் குரல் உடைந்திருந்தது.

"தெரியலைடி. ஒரு பெஞ்சு இருக்குது. தண்ணி கொட்டுற மரத்தொட்டி ஒண்ணு இருக்குது. நீதான்னு நெனச்சு வேற யார் பின்னாடியோ வந்துட்டேன்."

"அவங்ககிட்ட குடு."

இருவரும் ஏதோ பேசினார்கள். போனை வைத்துவிட்டு அந்த அம்மா பெஞ்சைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார். வெறும் கையோடு வாங்கக் கூச்சமாக இருந்தது. பையைத் துழாவினேன், லேகிய டப்பாதான் கைக்கு வந்தது. என்ன நினைத்தேனோ, திறந்து நீட்டினேன். சாக்லேட் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, விரலால் ஒரு பெரிய உருண்டையாகவே எடுத்து வாயில் போட்டார். கண் விரிந்தது. முகம் சிவந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் பயந்து எழுந்து முதுகைத் தடவினேன். ஓடிப்போய்த் தொட்டியில் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்து, மறுபடி டப்பாவுக்குள் விரலை விட்டார். இந்த முறை கொஞ்சமாக.

அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தபோதுதான் மகள் வந்து சேர்ந்தாள். சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மா எங்கள் இருவர் தோளையும் தட்டிவிட்டு, டப்பாவைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

"என்னது அது? அந்தம்மா ரொம்ப நல்ல மருந்துன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"இஞ்சி லேகியம்."

"சளிக்கா?"

"மசக்கைக்கு."

அவள் என்னையே பார்த்தாள். "யாருக்கு மசக்கை?"

நான் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன். அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். பெட்டியைத் தூக்கினால் நான் ஏன் பதறினேன், ஏன் உட்கார்ந்து மிதி என்று முனகினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சிரித்தாள். எப்போது அழுகையாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை.

"நம்ம தெரு முழுக்க அப்படித்தான் நெனச்சுக்கினு இருக்குதா?"

"எதிர் வீட்டம்மாதான் கிளறிக் குடுத்தாங்க."

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலியேம்மா."

"வான்னு மட்டும்தானே சொன்ன. எதுக்குன்னு சொல்லியிருக்கணும் இல்ல?"

"எதுக்குன்னு ஒண்ணும் இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ இங்க வந்தாலும் சமையல் ரூமுக்குள்ள போய்டுவ. ஊருக்கு நான் வந்தாலும் நீ காலையில ஆபீசுக்குப் போய்டுவ, வந்ததும் அடுப்புகிட்ட நிப்ப. உன்கூட நான் எப்பமா இருக்கிறது? அடுப்பே இல்லாத இடமா பாத்துக் கூட்டிக்கினு வந்தேன்."

நான் தொட்டியில் பாட்டிலை நிரப்பி அவளிடம் கொடுத்தேன்.

"குழந்தை வேணாம்னு இருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"வேணும்னும் தோணுது, வேணாம்னும் தோணுது. அவருக்கும் அப்படித்தான். தெரியலமா. நிஜமாவே தெரியல. தெரிஞ்சா உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

ஒரு பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயதில் அவள் பிறந்தாள். வேண்டுமா என்று என்னைக் கேட்டவர் இல்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மிச்சமிருந்த தூரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு மிதித்தேன். விடை வரவில்லை. ஒன்று மட்டும் நடந்தது. எப்போது என்று தெரியாமல் என் கை பெல்லை விட்டுவிட்டிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அவள் எனக்குப் பின்னால் வந்தாள், மறுபடி தொலைந்துவிடுவேன் என்று. பின்னாலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள். ஆபீசில் ஒரு பெரிய வேலை கைநழுவியது, பனிக்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் வரும் துக்கம், மாப்பிள்ளை தூக்கத்தில் பேசுவது. முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவளுக்கு எளிதாக இருந்தது போல. நானும் சொன்னேன். ஏனாத்தூர் வேலையை ஒரு காலத்தில் விட்டுவிட நினைத்ததை, ஏன் விடவில்லை என்பதை. அவளிடம் அதுவரை சொன்னதில்லை. பேச்சு சுவாரசியத்தில் பழக்கதோஷமாகப் பெடலைப் பின்னுக்குச் சுற்றி இன்னும் இரண்டு முறை விழப் பார்த்தேன்.

ஊர் திரும்பிய முதல் திங்கட்கிழமை, ரங்கசாமி குளம் முனையில் நான் பாட்டுக்கு வலது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த ஆட்டோக்காரர், "ஏம்மா, ஊருக்குப் புதுசா?" என்று கத்தினார். இல்லை என்று சட்டென்று சொல்ல வரவில்லை. எதிர் வீட்டம்மாவிடம் லேகியம் நன்றாக இருந்தது என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். பெண் முழுகாமல் இல்லை என்றேன். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் இருவருக்குமே தெரியவில்லையாம் என்றேன். தறி நாடாவை இரண்டு முறை இப்படியும் அப்படியும் விட்டார்.

"பாதையில வண்டியே வராதா?" என்றார்.

"வராது."

"ஒரு லாரிகூட?"

"ஒண்ணுகூட வராது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்து, அடுத்த வருஷம் அப்பாவும் வரட்டும் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, கடைக்கு நடை, தூரம் போனால் யாராவது ஒருவரின் பின்சீட்டு. அறுபது வயது நெருங்கும் வரை தேவைப்படவில்லை. முடியாது என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் போனை வாங்கி, "பாக்கலாம்" என்றார்.

இப்போது ஞாயிறு காலையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் வீடு எழும்பாத மனைகளுக்கு நடுவே போட்ட தார் ரோட்டில், அவர் என் சைக்கிளில் உட்காருகிறார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். வாழ்நாள் முழுக்கத் தறி மிதித்த கால் அது, ஒரு மிதி மிதித்துவிட்டு நின்று, தறியில் நாடா ஓடி முடியக் காத்திருப்பது போல அடுத்ததற்குக் காத்திருக்கிறது. "நிக்காதீங்க, நிக்காதீங்க, மிதிச்சுக்கினே இருங்க" என்று நான் கத்துகிறேன். அவர் முன்னால் பார்த்தபடி, "போறது எங்கன்னு சொல்லு, மிதிக்கிறேன்" என்கிறார். ரோடு முடிகிற இடத்தில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. அதுவரைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பாதி தூரம்கூடப் போய்ச் சேரவில்லை.